நாட்டுப்புறக் கேசட் போட்ட ஆடியோ கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமார்களுக்கு,

வணக்கம். டிசம்பர் வந்தால் நானும் நண்பர்கள் சிலரும் அந்த ஆண்டில் கேட்ட நாட்டுப்புற இசை ஆல்பங்களில் பிடித்தவற்றைப் பட்டியல் போட்டு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம். பரிசு, மேடை எதுவும் கிடையாது. ஆல்பத்தின் பெயர், பாடியவர் பெயர், எந்த ஊர், ஏன் பிடித்தது என்று நாலு வரி, அவ்வளவுதான். 2025க்கான பட்டியலில் நான் முதல் இடம் கொடுத்த ஆல்பத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுத முடிந்தது. இரண்டாம் இடத்தில் வைத்ததற்குப் பாடியவர் பெயரைக்கூட எழுத முடியவில்லை. அது உங்களில் ஒருவர் வெளியிட்டது. அதனால்தான் இந்த மடல்.

அது ஒரு வில்லுப்பாட்டு. சுடலைமாடன் கதை. பழைய கேசட்டிலிருந்து எடுத்து யூடியூபிலும் பாட்டுச் செயலிகளிலும் ஏற்றியிருக்கிறார்கள். பாடுகிற அம்மாவுக்கு அப்போது நாற்பது வயதுக்குக் குறையாது என்று குரல் சொல்கிறது. வீசுகோலை நாணில் போடும்போது வில்லில் கட்டிய மணிகள் மொத்தமாக ஒரு தடவை குலுங்கி அடங்குகின்றன. அந்த அடக்கத்துக்குள் அடுத்த வரியைத் தொடங்கிவிடுகிறார். பிள்ளை மாடன் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்னும் இடம் வந்ததும் பாட்டை விட்டுவிட்டுப் பேச்சுக்கு இறங்குகிறார். உடுக்கை நிற்கிறது. குடம் மட்டும் தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் விட்டுவிட்டுக் கேட்கிறது. பின்னால் இருப்பவர் ‘ஆமா’ போடவும் மறந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன். ஸ்டுடியோவில் பதிந்தது அல்ல. கோயில் கொடை விழாவில் எடுத்தது. இடையில் வேட்டுச் சத்தம் வருகிறது, மைக் ஒருதரம் கீச்சிடுகிறது, ஒரு குழந்தை அழுகிறது.

இந்த அற்புதத்துக்கு வைத்திருக்கும் முகப்புப் படம் சினிமா கதாநாயகி ஒருவருடையது. தலைப்பு, கிராமத்து சூப்பர் ஹிட்ஸ், பாகம் 7. பாடியவர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர். இயற்றியவர் என்ற இடத்திலும் கம்பெனியின் பெயர். வெளியான ஆண்டு 2019 என்று இருக்கிறது. அது கோப்பை ஏற்றிய ஆண்டாக இருக்க வேண்டும். பாகம் 8இல் கதை தொடரும் என்று போய்ப் பார்த்தால் அங்கே வேறு யாரோ தாலாட்டுப் பாடுகிறார்.

இதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. பதிவு எடுத்த எடுப்பில் கதைக்குள் குதிக்கிறது. வில்லுப்பாட்டு அப்படித் தொடங்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காப்பு பாட வேண்டும், குருவணக்கம் சொல்ல வேண்டும், அவையடக்கம் வேண்டும், அதற்கப்புறம்தான் கதை. இழுவையாக இருக்கிறது, இக்காலத்துப் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள் என்று யாரோ அந்தப் பத்து நிமிடத்தை வெட்டியிருக்கிறார்கள். குழுவின் தலைவரான அண்ணாவி தன் வாத்தியார் பெயரைச் சொல்வது அங்கேதான். வந்திருக்கும் ஊரையும், கொடை எடுக்கும் வகையறாவையும், சில நேரம் தன் ஊரையும் சொல்வது அங்கேதான். உறையில் பெயர் அச்சடிக்காத கம்பெனி இருக்கும் என்று தெரிந்தே நம் ஆட்கள் பாட்டுக்குள்ளேயே விலாசம் எழுதி வைத்தார்கள் போலிருக்கிறது. அதையும் கத்தரித்துவிட்டீர்கள்.

பாட்டுக்குள் இருக்கும் விலாசம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற கறுப்பின விவசாயத் தொழிலாளி 1928இல் ஓகே என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குச் சில பாட்டுகள் பதிந்து கொடுத்தார். தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. அவர் ஊருக்குத் திரும்பி மாடு மேய்ப்பதும் காடு கழனியில் உழைப்பதுமாக இருந்துவிட்டார். 1952இல் ஹாரி ஸ்மித் என்ற பழைய தட்டுப் பைத்தியம், 1920களின் கடைசியிலும் 30களின் தொடக்கத்திலும் வந்த தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைப் பொறுக்கி ஃபோக்வேஸ் கம்பெனி மூலம் ஆறு எல்.பி.யாக வெளியிட்டார். அதில் ஹர்ட் பாடியவை இரண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் யார் பாடியது, எப்போது பதிந்தது, எந்தத் தட்டு எண் என்று சேர்த்தே ஒரு குறிப்புப் புத்தகம் போட்டிருந்தார். அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இவரைத் தேட ஆரம்பித்தது. ஆள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர், ஹர்ட்டின் பழைய பாட்டு ஒன்றில் அவலான் என் சொந்த ஊர் என்று வருவதைப் பிடித்துக்கொண்டு, வரைபடத்தில் ஊரைத் தேடி, நேரே போய் இறங்கினார். ஆள் உயிரோடு இருந்தார், கையில் கிட்டார் இல்லை. அந்த ஆண்டே நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் வாசித்தார். 1966இல் இறக்கும் வரை அவருக்குக் கொஞ்சம் காசும் நிறையப் பேரும் கிடைத்தன. அந்த ஒரு வரியை எவனாவது வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, என் பட்டியலில் முதல் இடம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ரியானன் கிடன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் இருவரும் சேர்ந்து 2025 ஏப்ரலில் நோன்சச் கம்பெனியில் வெளியிட்ட ஆல்பம். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் ஒன்று, ஒரு பிடில், அங்கங்கே குரல். வட கரோலினாவின் பழைய மெட்டுகள் பதினெட்டு. இதில் ரியானன் கிடன்ஸ் உலகம் அறிந்தவர். ஓபரா எழுதி 2023இல் புலிட்சர் பரிசு வாங்கியவர். எந்த ஸ்டுடியோ வேண்டுமானாலும் அவருக்குக் கிடைக்கும். அவர்கள் போய் உட்கார்ந்த இடம் ஜோ தாம்சன் வீட்டு வாசல். 1918இல் பிறந்து 2012இல் மறைந்த கறுப்பினப் பிடில் கலைஞர் அவர். இருபது வருடத்துக்கு முன் இந்த இருவரும் இளைஞர்களாக வாரா வாரம் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்கள். நோட்டேஷன் கிடையாது. அவர் வாசிப்பார், இவர்கள் கூடவே வாசிப்பார்கள். அந்த மெட்டுகளை அந்த வாசலிலேயே போய்த் திரும்ப வாசித்துப் பதிந்திருக்கிறார்கள். எட்டா பேக்கர் என்ற கிட்டார் கலைஞரின் வீட்டிலும், அடிமைகளை வைத்து நடத்திய பழைய பண்ணை வீடு ஒன்றிலும் மிச்சத்தைப் பதிந்தார்கள். எல்லாம் திறந்த வெளியில்.

கேட்டுப் பாருங்கள், பாஞ்சோவுக்குப் பின்னால் ஒரு இரைச்சல் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். சில்வண்டு. அமெரிக்காவில் ஒரு வகைச் சில்வண்டு பதின்மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மண்ணைவிட்டு வெளியே வரும், இன்னொரு வகை பதினேழு ஆண்டுக்கு ஒருமுறை. 2024இல் அப்படி இரண்டு பெரிய கூட்டங்கள் ஒரே பருவத்தில் வந்தன. அவை இரண்டும் அதற்கு முன் சேர்ந்து வந்தது 1803இல். அந்தப் பருவத்தில் போய் உட்கார்ந்து பதிந்திருக்கிறார்கள். பூச்சிச் சத்தத்தை யாரும் துடைத்து எடுக்கவில்லை. நம் சுடலைமாடன் பதிவில் வரும் வேட்டுச் சத்தமும் எனக்கு அதே மதிப்புதான். அதையாவது வைத்தீர்களே என்று நன்றி சொல்லத் தோன்றுகிறது, வேண்டுமென்றே வைத்தீர்களோ, எடுக்கத் தெரியாமல் விட்டீர்களோ.

அது அமெரிக்கா, அங்கே அறக்கட்டளை, பல்கலைக்கழகம், பணம் எல்லாம் இருக்கிறது, நாங்கள் வெறும் வியாபாரிகள் என்பீர்கள். கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் என்பவரும் வியாபாரிதான். ஜெர்மனியில் பிறந்து, போருக்குப் பின் பதின்ம வயதில் அமெரிக்கா வந்து, பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு 1960இல் ஆர்ஹூலி என்ற கம்பெனியைத் தொடங்கினார். டெக்சாஸில் மான்ஸ் லிப்ஸ்கம் என்ற விவசாயியின் வீட்டுக்குப் போய்ப் பதிந்து, முதல் தட்டை 250 பிரதி போட்டு, உறைகளை நண்பர்களை வைத்துக் கையாலேயே ஒட்டினார். உங்களில் பலர் தொடங்கியதும் கிட்டத்தட்ட அப்படித்தானே? கடையின் பின்னறையில் இரண்டு கேசட் டெக், ஒரு மூலையில் உறை மடிக்கும் பையன்.

அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன். பிரெட் மக்டவல் என்ற மிசிசிப்பிக் கலைஞர் பாடிய ஒரு பாட்டை ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1971இல் தங்கள் ஆல்பத்தில் பாடிவிட்டது. பழைய நாட்டுப்புறப் பாட்டுதானே, யாருக்கு என்ன கொடுப்பது என்று விட்டுவிடுவது அப்போது எளிது. ஸ்ட்ராக்விட்ஸ் விடவில்லை. சண்டை போட்டு உரிமைத்தொகையை வாங்கி, மக்டவல் 1972இல் இறப்பதற்கு முன் அவர் கையில் காசோலையைக் கொடுத்தார். பெயர் எழுதி வைத்திருந்ததால் கொடுக்க முடிந்தது. இன்னாருடையது என்று எங்கும் எழுதி வைக்காத பாட்டுக்கு நல்ல மனசுள்ள முதலாளிகூட யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்?

ஸ்ட்ராக்விட்ஸ் 2023இல் மறைந்தார். அதற்கு ஏழு ஆண்டுக்கு முன்பே ஆர்ஹூலி, அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியக நிறுவனமான ஸ்மித்சோனியனிடம் போய்விட்டது. நான் மேலே சொன்ன ஃபோக்வேஸும் அங்கேதான் இருக்கிறது. அதை நடத்திய மோசஸ் ஆஷ் நாற்பது ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேல் ஆல்பம் போட்டவர். விற்றாலும் விற்காவிட்டாலும் ஒன்றைக்கூடப் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. 1987இல் அந்த நிபந்தனையோடுதான் கைமாறியது. இன்றைக்கும் அந்த ஆல்பங்களின் குறிப்புப் புத்தகங்களை யாரும் காசு கொடுக்காமல் இறக்கிப் படிக்கலாம். வருடத்துக்கு நாலு பேர் கேட்கும் ஆல்பத்துக்கும் அப்படித்தான்.

நம்மிடம் பெயர் நிலைத்த கலைஞர்கள் இல்லாமல் இல்லை. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி போன்றவர்களின் கேசட்டில் பெயர் பெரிதாகவே இருக்கும். படித்தவர்கள், மேடை தெரிந்தவர்கள், தங்கள் பெயரைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டார்கள். சினிமா கைகொடுத்தவர்கள் பெயரும் தப்பியது. கொல்லங்குடி கருப்பாயி 2025 ஜூனில் மறைந்தபோது செய்திகளில் முன்னால் வந்தது ‘ஆண் பாவம்’. வானொலியில் அவர் பாடியது அதற்குப் பின்னால்தான். பரவை முனியம்மா 2020இல் போனபோதும் ‘தூள்’தான் முன்னால் வந்தது. சினிமாவுக்குப் போகாமல் கொடைக்கும் எழவு வீட்டுக்கும் மட்டும் பாடியவர்களுக்கு இருந்த ஒரே அச்சுச் சாட்சி உங்கள் கேசட் உறை. தலை சீவி, பட்டு உடுத்தி, ஸ்டுடியோத் திரைக்கு முன் விறைப்பாக நிற்கும் ஒரு படம், அதன்கீழ் பெயர், ஊர், குழுவினர். உள்பக்கம் சின்ன எழுத்தில் உடுக்கை இன்னார், குடம் இன்னார், ஒலிப்பதிவு இன்னார். பக்கவாத்தியக்காரருக்கு அதுதான் விசிட்டிங் கார்டு. அடுத்த ஊரில் கொடை பேச வரும்போது அதைத்தான் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவார்.

அந்த உறையை ஸ்கேன் செய்து படமாக வைக்க எத்தனை நிமிடம் ஆகும்? அதற்குப் பதிலாக நடிகை படத்தைத் தேடி எடுத்து ஒட்ட அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

சட்டம் பேசி மிரட்டுவது என் நோக்கம் அல்ல, ஆனாலும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். 1996இல் வெளியிட்ட ஒரு கேசட்டின் ஒலிப்பதிவு உரிமை 2056 முடிய உங்களுடையது. அறுபது ஆண்டு, யாரும் மறுக்கவில்லை. அதே பதிவில், 1996இல் பாடியவருக்கு நிகழ்த்துநர் என்ற முறையில் உள்ள உரிமை 2046 முடிய இருக்கிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 38பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: பாடியவர், வாசித்தவர் தன் பெயரைச் சொல்லும்படி கேட்கலாம், உரிமையை விற்றுவிட்டாலும் இது போகாது. கேசட் காலத்தில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்தோ ரேகையோ வாங்கிக்கொண்டார்கள் என்று பாடகர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் தாள் என்ன சொன்னாலும் பெயர் போடும் கடமையை அது தீர்த்துவிடாது. வெளியிடும் ஒலிப்பதிவில் உரிமையாளர் பெயரும் முதல் வெளியீட்டு ஆண்டும் இருக்க வேண்டும் என்று 52ஏ பிரிவு முன்பே சொல்லிவிட்டது. 2019 என்று போட்டால் அது சரியான ஆண்டு ஆகாது.

இன்னொரு விஷயம் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். உங்களைவிட ஒழுங்காக இந்த வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பழைய கடைகளில் கேசட் பொறுக்கி, இரண்டு பக்கமும் முழுசாக மாற்றி, உறையின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் பிடித்து, ஊர் பெயரோடு ஏற்றுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு உரிமையாளர் புகார் கொடுத்து அந்தப் பதிவு நீக்கப்பட்டதையும் பார்த்தேன். உரிமை உரிமையாளருடையதுதான், புகார் கொடுக்கலாம். ஆனால் பெயரோடு இருந்த பதிவு போய், பெயரில்லாத பதிவு மட்டும் மிஞ்சியது. அடுத்தமுறை புகார் கொடுக்கும் முன் அந்தப் படத்தையாவது சேமித்துக்கொள்ளுங்கள்.

செயலிகளில் வகை பிரிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் பக்திப் பாடலில் சேர்த்துவிடுகிறீர்கள். கீபோர்டு தாளத்தில் இரட்டை அர்த்தம் வைத்து எழுதிய புதுப் பாட்டு நாட்டுப்புறம் என்று போகிறது. எனக்கு அந்தப் பாட்டுகள் மேல் வெறுப்பு இல்லை, கல்யாண வீட்டில் நானும் ஆடுவேன். ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளை தமிழ் நாட்டுப்புற இசை என்று தட்டித் தேடினால் அவனுக்கு வருவது அது மட்டும்தான்.

மாற்றும் வேலையை இனியும் தள்ளிப் போடாதீர்கள். கேசட் நாடாவில் பூஞ்சை பிடித்தால் வெள்ளைப் பொடி பூத்ததுபோல் தெரியும். அதை அப்படியே ஓடவிட்டால் டெக்கில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இது சீக்கிரம் வரும். ஒலி மங்கலாகக் கேட்டால் கேசட் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் பதிந்த டெக்கின் ஹெட் சற்றே சாய்ந்திருக்கும். ஓட்டும் டெக்கில் ஒரு சின்னத் திருகைத் திருப்பி அந்தச் சாய்வுக்கு ஒத்துவைத்தால் சலங்கையும் தாளமும் பளிச்சென்று மேலே வரும். அதைச் செய்யாமல் கணினியில் எக்கோ ஏற்றி ரீமாஸ்டர் என்று போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். குடத்துக்கு எக்கோ வைத்தால் கிணற்றுக்குள் தவளை கத்துவதுபோல் ஆகிவிடுகிறது. ஏற்றும்போது முழுக் கதையையும், காப்பிலிருந்து வாழி பாடி முடிப்பது வரை, ஒரே தலைப்பின்கீழ் வரிசையாக வையுங்கள். ஏ பக்கம் முடியும் இடத்தில் கதை அறுபடத்தான் செய்யும். கேசட் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பழக்கம்தான். ஆனால் ஏ பக்கம் பாகம் 7ஆகவும், பி பக்கம் தாலாட்டுகளைத் தாண்டிப் பாகம் 12ஆகவும் கிடந்தால் எவரும் கண்டுபிடிக்க மாட்டார்.

கம்பெனியை நடத்தியவர்கள் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது என்பது தெரியும். பிள்ளைகள் அதே கடையில் செல்போன் உறை விற்கிறார்கள், கேசட் மேல்பரணில் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. யார் பாடியது, எந்தக் கொடையில் எடுத்தது என்பது உங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கும். கணக்கு நோட்டில் அந்த நாளில் யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற வரி இருந்தால் அதுவே போதும், பெயரும் தேதியும் கிடைத்துவிடும். அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.

எங்களால் ஆனதைச் சொல்லிவிடுகிறேன். பட்டியல் போடும் நண்பர்களில் ஒருவர் டெக் பழுது பார்ப்பவர், ஒருவர் நூலகர், மற்றவர்கள் தமிழ்த் தட்டச்சு தெரிந்த சாதாரண ஆட்கள். ஒரு மேசையும் மின் இணைப்பும் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உறைகளை ஸ்கேன் செய்து, உள்ளே இருக்கும் அத்தனை பெயர்களையும் தட்டச்சு செய்து, கோப்பாக உங்களிடமே கொடுத்துவிட்டுப் போவோம். கேசட் கடையைத் தாண்டி வெளியே வராது. கூலி வேண்டாம், பதிவின் உரிமையில் பங்கும் வேண்டாம். அந்தப் பெயர்களை உங்கள் பதிவுகளின்கீழ் நீங்களே ஏற்ற வேண்டும், பாடியவரோ அவர் பிள்ளைகளோ தேடி வந்தால் கணக்குப் பார்த்து ஏதாவது கொடுக்க வேண்டும். இந்த இரண்டு மட்டும்தான் நாங்கள் கேட்பது. முதலில் எந்தக் கடைக்கு வரலாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கேசட்டுகளைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்டவர்களில் ஒருவன்